ஊசி போட்டுக்கொண்டதும் வேலைதான்

தொழிலாளர் சட்டம்: வாசகர் கேள்வி, வழக்கறிஞர் பதில்

சென்ற மாதம் இந்தப் பகுதிக்கு ஒரு சிறிய கேள்வி வந்தது. மருத்துவமனை ஆயா ஒருவர், வேலைக்காகப் போட்ட தடுப்பூசியால் காய்ச்சல் வந்து நான்கு நாள் படுத்துவிட்டார். அந்த நான்கு நாள் சம்பளம் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். ஐந்து வரியில் பதில் எழுதினேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்கள் ஐந்து வரியில் அடங்குகிறவை அல்ல. எனவே இந்த இதழை முழுக்க அவர்களுக்கே ஒதுக்கிவிட்டேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களையும் ஊர்களையும் எடுத்துவிட்டேன்.

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 43. ஓட்டல் சமையற்கட்டில் இட்லி, இடியாப்பம் பிரிவில் பதினொரு வருடமாக இருக்கிறேன். நான்கு மாதத்துக்கு முன் எங்கள் ஓட்டலிலேயே முகாம் வைத்து எல்லோருக்கும் டைபாய்டு ஊசி போட்டார்கள். உணவுப் பாதுகாப்பு அதிகாரி சோதனைக்கு வருவார், சான்றிதழ் இல்லாவிட்டால் வேலைக்கு வராதீர்கள் என்று மேனேஜர் சொன்னார். எனக்கு ஊசி தோளின் உச்சியில், ரவிக்கைத் தையலுக்கு மேலேயே இறங்கியது. அன்று இரவே வலி பிடித்துக்கொண்டது. இன்றுவரை வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. இட்லிக் கொப்பரையை இறக்க முடியவில்லை. தலை பின்னிவிட மகள் வர வேண்டியிருக்கிறது. ‘ஊசி போட்டால் வலிக்கத்தான் செய்யும்’ என்கிறார்கள். இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் சாதாரண நோய் விடுப்புச் சீட்டுக் கொடுத்தார்கள். பாதிச் சம்பளம் போல ஏதோ வந்தது, இப்போது அதுவும் நின்றுவிட்டது. எனக்கு வழி உண்டா?

பதில்: உண்டு, சகோதரி. உங்கள் கடிதத்தில் ‘ரவிக்கைத் தையலுக்கு மேலே’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த மூன்று சொல்லை எங்கே போனாலும் மறக்காமல் சொல்லுங்கள். உங்கள் வழக்கே அங்கேதான் இருக்கிறது.

தடுப்பூசியைத் தோளுக்குக் கீழே மூன்று விரற்கடை இறங்கி, தசை திரண்டிருக்கும் இடத்தில் போட வேண்டும். உச்சியில் போட்டால் ஊசி தசையைத் தாண்டி, மூட்டை உரசாமல் காக்கும் சிறு நீர்ப்பைக்குள் மருந்தை இறக்கிவிடும். அந்த இடம் வீங்கும், கை இறுகும், மாதக்கணக்கில் எழும்பாது. டாக்டர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். அமெரிக்காவில் தடுப்பூசிக் கேடுகளுக்கு இழப்பீடு தரும் அரசுப் பட்டியலில் 2017-ஆம் ஆண்டு இந்தத் தோள் காயத்தையே சேர்த்தார்கள். ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும் என்பது அங்கே விதி. உங்களுக்கு அன்று இரவே தொடங்கியிருக்கிறது.

மருந்தின் மேல் குற்றமில்லை, ஊசி இறங்கிய இடம்தான் தவறு என்று இப்போது யாராவது சொல்லுவார்கள். சொல்லட்டும். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் மருந்து நல்லதா கெட்டதா என்று கேட்பதில்லை. யார் தவறு என்றுகூடக் கேட்பதில்லை. அந்த ஊசிக்கு முன்னால் உங்களைக் கொண்டுபோய் நிறுத்தியது எது என்று மட்டும்தான் கேட்கிறது. உங்களை நிறுத்தியது வேலை. உணவு நிறுவனங்களுக்கான 2011-ஆம் ஆண்டு உரிம விதிமுறைகளின் நான்காம் அட்டவணையைப் படித்துப் பாருங்கள். உணவைக் கையாளுகிற ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை, டைபாய்டு வகை நோய்களுக்குத் தடுப்பூசி, அதற்குப் பதிவேடு என்று எழுதியிருக்கிறது. ஓட்டலின் உரிமத்துக்காக, ஓட்டலுக்குள், ஓட்டல் சொன்ன நாளில் உங்களுக்கு ஊசி போட்டிருக்கிறார்கள். கொதிக்கும் கொப்பரை கவிழ்ந்து கை வெந்திருந்தால் அதை வேலைக் காயம் இல்லை என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். இதுவும் அதுவும் எனக்கு ஒன்றுதான்.

‘விபத்து எங்கே நடந்தது? ஊசி வழக்கம்போலத்தானே போட்டார்கள்?’ என்பது அடுத்த கேள்வியாக வரும். நூறு வருடத்துக்கும் மேல் பழைய வாதம் இது. இயந்திரத்தின் சக்கரத்தைச் சுழற்றுவதே வேலையாக இருந்த ஒரு தொழிலாளிக்கு, அழுத்திச் சுழற்றியதில் குடல் இறங்கிவிட்டது. சக்கரம் உடையவில்லை, கால் வழுக்கவில்லை, அப்புறம் ஏது விபத்து என்றார் முதலாளி. இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1903-இல் அதை ஏற்கவில்லை. எதிர்பாராமல், விரும்பாமல் வந்து சேர்ந்த கேடு எதுவானாலும் அது விபத்துதான் என்றது. நம் ஊர் தொழிலாளர் சட்டமும் அந்தப் பொருளையே எடுத்துக்கொண்டு வளர்ந்தது.

இனி காசுக் கணக்கு. மருந்தகத்தில் உங்களைச் சாதாரண நோயாளியாக எழுதியதுதான் நடந்த பிழை. நோய்க்காலப் பயன் என்றால் சம்பளத்தில் 70 சதவீதம், அதுவும் ஆண்டுக்கு 91 நாள். அந்த 91 நாள் தீர்ந்ததால்தான் உங்களுக்குப் பணம் நின்றது. வேலைக் காயம் என்று எழுதியிருந்தால் தற்காலிக ஊனப் பயன் 90 சதவீதம். இயலாமை இருக்கும்வரை வரும், நாள் வரம்பு இல்லை. கை கடைசிவரை சரியாகாமலே போனால் மருத்துவக் குழு சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் குறைந்தது என்று பார்த்து மாதா மாதம் நிரந்தரப் பயன் தரும்.

அதற்கு ஓட்டல் நிர்வாகம் விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும். படிவம் 12 என்று கேளுங்கள், எல்லோருக்கும் தெரியும். அவர்கள் அனுப்ப மறுத்தால் நீங்களே எழுத்தில் இ.எஸ்.ஐ. கிளை மேலாளருக்கு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். வேலையின்போது நடந்த விபத்து வேலையால் நடந்ததாகவே கொள்ளப்படும், இல்லை என்று காட்ட எதிர்ச் சாட்சியம் வேண்டும் என்று இ.எஸ்.ஐ. சட்டத்தின் 51ஏ பிரிவு சொல்கிறது. கடிதத்தில் அந்த எண்ணைக் குறிப்பிடுங்கள். ஏற்கெனவே வாங்கிய 70 சதவீதத்தைத் திருப்பிக் கேட்பார்களோ என்று பயப்பட வேண்டாம். ஒரே காலத்துக்கு இரண்டு பயனும் கிடையாது, எது வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை. மீதத்தைத்தான் கணக்குப் பார்ப்பார்கள். கிளை அலுவலகம் முதல் கடிதத்திலேயே சரி என்று சொல்லிவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். மறுத்தால் இ.எஸ்.ஐ. நீதிமன்றம் இருக்கிறது. உங்களுக்கு வக்கீல் கட்டணம் தேவையில்லை. பெண்களுக்கும் தொழிலாளர்களுக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். 15100 என்ற எண்ணில் கூப்பிடுங்கள்.

ஒரு விளக்கம், எல்லோருக்கும். 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டமும் 1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டமும் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டன. அந்தத் தேதிக்குப் பிறகு நடந்த விபத்து என்றால் பிரிவு எண்கள் மாறும், அடிப்படை மாறவில்லை. மக்கள் வாயில் பழைய பெயர்தான் இருக்கிறது. நானும் பழைய பெயரிலேயே எழுதுகிறேன்.

கேள்வி: நான் தனியார் மருத்துவமனையில் புதிதாகச் சேர்ந்த செவிலியர். கல்லீரல் அழற்சி பி (ஹெபடைடிஸ் பி) தடுப்பூசி மூன்று தவணை போட வேண்டுமாம். அதற்கு முன் ‘ஊசியால் எது நேர்ந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல, என் சொந்தப் பொறுப்பில் போட்டுக்கொள்கிறேன்’ என்று கையெழுத்துக் கேட்கிறார்கள். ஊசிக்கான பணத்தையும் சம்பளத்தில் பிடிப்பார்களாம். கையெழுத்துப் போடலாமா? ஊசியே வேண்டாம் என்று சொல்லலாமா?

பதில்: அன்புள்ள மகளே, இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். சட்டத்துக்கு முன்னால் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் அம்மா ஒரு மருத்துவமனையில் ஆயாவாக வேலை பார்த்தார். 1988-இல், வார்டுக் குப்பையைக் கையால் அள்ளிக் கூடையில் போடும்போது உள்ளே கிடந்த ஊசி ஆள்காட்டி விரலில் ஏறியது. முந்தானையால் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தார். மூன்றாம் மாதம் கண் மஞ்சளாகிவிட்டது. பாட்டி தினமும் காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பார். அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார். அந்தப் பித்தளைத் தம்ளர் இன்னும் என் வீட்டில் இருக்கிறது. அம்மா பிழைத்தார், கல்லீரல் பிழைக்கவில்லை. பதினாறு வருடம் கழித்து அதே நோயில் போனார். தடுப்பூசி போடாத ஒருவருக்கு, அந்தக் கிருமி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் நோய் தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம் வரை. மூன்றில் ஒருவர் என்றுகூட வைத்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு அந்த மூன்று தவணை ஊசியைக் கொடுக்க ஆள் இல்லை. உனக்கு இருக்கிறார்கள். போட்டுக்கொள்.

ஆனால் கட்டாயப்படுத்த முடியாது என்பதும் உண்மை. உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 2016, கழிவைக் கையாளும் எல்லாப் பணியாளர்களுக்கும் கல்லீரல் அழற்சி பி, டெட்டனஸ் உள்ளிட்ட நோய்களுக்குத் தடுப்பூசி அளிப்பது நிறுவனத்தின் கடமை என்கின்றன. கடமை அவர்களுடையது என்றால் செலவும் அவர்களுடையதுதான். உன் சம்பளத்தில் கை வைக்க அந்த விதியில் இடமில்லை. உடம்பு உன்னுடையது. 2021 ஜூன் மாதம் மேகாலயாவில் கடைக்காரர்கள், வாடகைக் கார் ஓட்டுநர்கள் கொரோனா ஊசி போட்டால்தான் தொழில் செய்யலாம் என்று மாவட்ட நிர்வாகங்கள் உத்தரவு போட்டபோது, வற்புறுத்தி ஊசி போடுவது பிழைப்புரிமையைப் பாதிக்கும் என்று அம்மாநில உயர் நீதிமன்றம் சொன்னது. 2022 மே 2-ஆம் தேதி, கொரோனா ஊசியைக் கட்டாயமாக்குவதை எதிர்த்த ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம், தன் உடலைப் பற்றித் தானே முடிவெடுப்பது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவுக்குள் அடங்கும், யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது என்றது. அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது: பொதுச் சுகாதாரத்துக்காக அரசு நியாயமான, அளவான கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறது. வேண்டாம் என்று சொன்னால் அறுவை அரங்கிலிருந்து உன்னை வேறு பிரிவுக்கு மாற்றினால் அதை எதிர்த்து ஜெயிப்பது எளிதல்ல.

இப்போது அந்தக் கையெழுத்து. ஊசியின் பலன், பக்கவிளைவு எல்லாம் விளக்கப்பட்டது, சம்மதிக்கிறேன் என்ற தாளில் போடு. அது மருத்துவ ஒழுங்கு. ‘நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற வரியை மட்டும் அடித்துவிட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்துப் போடு. அடிக்க விடவில்லை என்றால்? அப்படியே போட்டாலும் தொழிலாளர் இழப்பீட்டு உரிமை போய்விடாது. இழப்பீட்டைக் குறைக்கவோ விட்டுக்கொடுக்கவோ செய்கிற எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று 1923 சட்டத்தின் 17-ஆவது பிரிவு வெட்ட வெளிச்சமாகச் சொல்கிறது. இ.எஸ்.ஐ. பயன் சட்டம் கொடுப்பது; மருத்துவமனை நிர்வாகம் எழுதி வாங்கிப் பறிக்க அது அவர்கள் சொத்தல்ல.

ஊசி போட்டதும் பதினைந்து நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்திரு, மகளே. வார்டு மணி அடித்தாலும் எழுந்து ஓடாதே. மயக்கம் வந்து நின்ற நிலையில் விழுந்து தாடை பெயர்ந்த ஒரு செவிலியரின் வழக்கை நான் நடத்தியிருக்கிறேன். ஊசியால் அவருக்கு ஒரு கேடும் இல்லை. கேடெல்லாம் தரையால்தான்.

கேள்வி: என் கணவர் மருத்துவக் கழிவு ஏற்றும் வண்டியில் லோடுமேன். ஒப்பந்ததாரரிடம் ஏழு பேர்தான், அதனால் இ.எஸ்.ஐ. கிடையாது என்கிறார். சம்பளம் 12,000. ஒரு நாள் விடியற்காலை வண்டி கிளம்பும் முன் எல்லோருக்கும் ஊசி போட்டு உடனே அனுப்பிவிட்டார்கள். பத்து நிமிடத்தில் என் கணவருக்கு உடம்பெல்லாம் தடித்து, மூச்சு அடைத்து, வண்டியிலேயே சாய்ந்துவிட்டார். டிரைவர்தான் அருகிலிருந்த ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்பினார். ஐந்து நாள் தீவிர சிகிச்சை. 1,80,000 ரூபாய் கடன். இரண்டு மாதம் வேலைக்குப் போகவில்லை. ஒப்பந்ததாரர் 5,000 கொடுத்துவிட்டு, அவருக்கு ஏற்கெனவே ஒவ்வாமை இருந்திருக்கிறது என்கிறார்.

பதில்: தங்கையே, முதலில் அந்த டிரைவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர்தான் உங்கள் முக்கியமான சாட்சி. அவர் வேலையை விட்டுப் போவதற்குள் நடந்ததை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

இப்படி உடம்பு பொங்கி மூச்சடைப்பது பத்து லட்சம் தவணைக்கு ஒன்று என்ற கணக்கில்தான் வரும். அது வந்தால் காப்பாற்றத்தான் ஊசி போட்ட இடத்தில் காத்திருக்கச் சொல்கிறார்கள், பக்கத்தில் அட்ரினலின் மருந்து வைத்திருக்கிறார்கள். இங்கே காத்திருக்க விடாமல் வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். படித்ததும் எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

இ.எஸ்.ஐ. இல்லை என்றால் 1923 சட்டம். அந்தச் சட்டம் எல்லா வேலையையும் தொடாது, இரண்டாம் அட்டவணையில் உள்ள வேலைகளைத்தான் தொடும். பயப்பட வேண்டாம்: மோட்டார் வண்டியில் ஏற்றி இறக்குவது அந்த அட்டவணையின் முதல் இனத்திலேயே இருக்கிறது. ஆட்கள் ஏழோ இரண்டோ, அங்கே எண்ணிக்கை பேச்சே இல்லை. ஏற்கெனவே ஒவ்வாமை இருந்தது என்பதும் நிற்காது. பலவீனமான உடம்போடுதான் மனிதன் வேலைக்கு வருகிறான். வேலை அந்தப் பலவீனத்தைத் தொட்டுக் கேடு செய்தால் பொறுப்பு முதலாளிக்குத்தான்.

கிடைக்க வேண்டியது இரண்டு. வேலை செய்ய முடியாத காலத்துக்கு அரை மாதத்துக்கு ஒருமுறை, மாதச் சம்பளத்தில் 25 சதவீதம். உங்கள் கணக்கில் அரை மாதத்துக்கு 3,000 ரூபாய், இரண்டு மாதத்துக்கு 12,000. இதைவிடப் பெரியது சிகிச்சைச் செலவு. 2009-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு உண்மையாகச் செலவான மருத்துவத் தொகை முழுவதையும் முதலாளி தர வேண்டும். அந்த 1,80,000 ரூபாய்க்கான ரசீதுகளை, மருந்துக்கடைச் சீட்டு உட்பட, ஒரு பையில் போட்டு வையுங்கள். ஒப்பந்ததாரர் கையை விரித்தால், அவருக்கு வேலையைக் கொடுத்த பெரிய நிறுவனத்திடமே 12-ஆவது பிரிவின் கீழ் கேட்கலாம். பெரும்பாலும் அந்த நோட்டீஸ் போன பிறகுதான் ஒப்பந்ததாரருக்குப் பேச்சு வரும்.

மனு தொழிலாளர் இணை ஆணையர் அலுவலகத்தில், இழப்பீட்டு ஆணையரிடம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இழுத்தடித்தால் 12 சதவீத வட்டி, நியாயமில்லாத தாமதம் என்று கண்டால் தொகையில் பாதிவரை அபராதம். 5,000 ரூபாய் வாங்கியபோது ‘முழுத் தீர்வு’ என்று எதிலாவது கைநாட்டு வாங்கியிருக்கிறார்களா? இருந்தாலும் கவலை வேண்டாம்; மேலே செவிலியருக்குச் சொன்னது உங்களுக்கும்தான்.

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் செவிலியர். அங்கே மருத்துவப் பணியாளர்களுக்கென்றே ஊசி இழப்பீட்டுச் சட்டம் ஒன்று வந்ததாக அவள் சொன்னாள். உண்மையா? அதுபோல இங்கே வருமா?

பதில்: உண்மைதான் ஐயா. அந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்த பாடம், ஏனென்றால் அதில் செவிலியர்கள் ஊசிக்குக் கை நீட்டாமலே ஒரு சட்டத்தை வாங்கினார்கள்.

2002 டிசம்பர் 13-ஆம் தேதி அதிபர் ஜார்ஜ் புஷ் ஒரு திட்டத்தை அறிவித்தார். பெரியம்மைக் கிருமியை யாராவது ஆயுதமாக்கினால் என்ன செய்வது என்ற பயம் அப்போது. ராணுவத்தினருக்குக் கட்டாயம். முதலில் ஓடிவந்து சிகிச்சை தரவேண்டிய மருத்துவமனைப் பணியாளர்கள் சுமார் ஐந்து லட்சம் பேர் தாங்களாக முன்வந்து போட்டுக்கொள்ள வேண்டும். பெரியம்மை ஊசி மற்ற ஊசிகளைப் போல அல்ல. உயிருள்ள கிருமி, போட்ட இடத்தில் கொப்புளம் எழும்பும், அதிலிருந்து வீட்டிலுள்ள குழந்தைக்குத் தொற்றலாம். முதல்முறை போட்டுக்கொள்ளும் பத்து லட்சம் பேரில் ஒருவரோ இருவரோ இறக்கலாம் என்பது பழைய கணக்கு.

2003 ஜனவரி 24-இல் ஊசி போடத் தொடங்கினார்கள். அதே நாளில் ஒரு பாதுகாப்பும் நடைமுறைக்கு வந்தது. யாருக்கு? மருந்து செய்த கம்பெனிக்கும், ஊசி போடும் மருத்துவமனைக்கும். வழக்குப் போட்டு அவர்களை இழுக்க முடியாது. ஊசி போட்டுக்கொள்கிற செவிலியருக்குக் கேடு வந்தால் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிற தொழிலாளர் இழப்பீடு கிடைத்தால் கிடைத்தது, இல்லாவிட்டால் இல்லை. செவிலியர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் கேட்டன: நாட்டுக்காகக் கை நீட்டச் சொல்கிறீர்கள், அந்தக் கை விழுந்தால் குடும்பத்துக்கு யார் சோறு போடுவது? பல மருத்துவமனைகள் ஒதுங்கிக்கொண்டன. மார்ச் மாதம் ஊசி போட்டுக்கொண்ட சிலர் மாரடைப்பில் இறந்தார்கள். ஊசிதான் காரணமா என்பது நிரூபணமாகவில்லை. ஆனாலும் இதய நோய் உள்ளவர்களுக்குப் போட வேண்டாம் என்று உடனே அறிவித்தார்கள். ஊசிக்குப் பின் இதயத் தசையிலும் உறையிலும் அழற்சி வருவதும் அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது.

ஏப்ரல் 30-ஆம் தேதி புஷ் இழப்பீட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ 2,62,100 டாலர். பணியில் உயிரிழக்கும் காவலர், தீயணைப்பு வீரர் குடும்பத்துக்குக் கொடுக்கும் அதே தொகை. இழந்த சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, குடும்பம் இருந்தால் முக்கால் பங்கு. மருத்துவச் செலவு தனி. ஊசி போட்டுக்கொண்டவரிடமிருந்து தொற்றிப் பாதிக்கப்பட்டவர்களுக்கும் உண்டு. நல்ல சட்டம்தான். ஆனால் மூன்று மாதம் பிந்தி வந்தது. அதற்குள் நம்பிக்கை போய்விட்டது. ஐந்து லட்சம் எதிர்பார்த்த இடத்தில் ஏறக்குறைய 39,000 பேரோடு திட்டம் அடங்கிவிட்டது.

தடுப்பூசி வேண்டும் என்று நினைக்கிறவர்கள்தான் இழப்பீட்டுக்காக முதலில் குரல் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லிவருவது இந்தக் கதையை வைத்துத்தான். நம் நாட்டில் 2022 நவம்பரில், கொரோனா ஊசிக்குப் பிறகு மகள்களை இழந்த பெற்றோர் தொடுத்த வழக்கில், பாதிக்கப்பட்டவர்கள் சிவில் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் பதில் மனுப் போட்டது. சிவில் நீதிமன்றம் என்றால் யாருடைய அலட்சியம் என்று நிரூபிக்க வேண்டும். ஆயாவும் லோடுமேனும் எங்கே போய் நிரூபிப்பார்கள்? அவர்களுக்கு அலட்சியம் நிரூபிக்கத் தேவையில்லாத தொழிலாளர் சட்டம் ஒன்று 1923 முதல் கையில் இருக்கிறது. அதை ஊசிக்கும் பயன்படுத்தலாம் என்று தெரியாமல் இருக்கிறார்கள்.

கேள்வி: என் அப்பா நகராட்சியில் நாய் பிடிக்கும் பணியாளர். 1974-இல் நாய் கடித்து, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டார்கள். பதினோராவது ஊசிக்குப் பிறகு இரண்டு காலும் விழுந்துவிட்டன. ‘உடல் தகுதியின்மை’ என்று ஒரு வரிக் கடிதம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 1983-இல் இறந்தார். அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது. இப்போது ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியாது, ஐயா. இதை எழுத எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஆனால் உங்களை அலைய வைக்க விரும்பவில்லை. இரண்டு வருடக் கெடுவைத் தக்க காரணம் காட்டி நீட்டலாம். ஐம்பது வருடத்தை எந்த ஆணையரும் நீட்ட மாட்டார்.

உங்கள் அப்பாவுக்கு நடந்தது என்ன என்று மட்டும் சொல்கிறேன். அந்த ஊசி 1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய முறை. ஆட்டு மூளையில் கிருமியை வளர்த்துச் செயலிழக்கச் செய்து மருந்தாக்குவார்கள். அதிலிருந்த மூளைத் திசுவை எதிர்த்துக் கிளம்பும் உடம்பு, சிலருக்குத் தன் சொந்த நரம்பின் உறையையும் தாக்கிவிடும். கால் விழுவது அதனால்தான். வெறிநோய்க்கு வேறு வழியில்லாத காலத்தில் எத்தனையோ உயிரைக் காத்த மருந்துதான் அது. நம் நாட்டில் 2004 இறுதியில் அதன் தயாரிப்பை நிறுத்தினார்கள். இப்போது போடுவது கையில் போடும் வேறு ஊசி; நாய் பிடிப்பவர்கள் கடிபடுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளலாம். உங்கள் அப்பா தகுதியில்லாமல் போகவில்லை. வேலையில் கடிபட்டு, வேலைக்காக ஊசி போட்டு, அதில் கால் இழந்தார். அன்றும் அந்த 1923 சட்டம் இருந்தது. அவரிடம் யாரும் சொல்லவில்லை. கடிதத்தைக் கிழித்துவிடாதீர்கள்.

கேள்வி: வேலைக்காக எனக்கு முகாமில் ஊசி போட்டார்கள், அட்டையே தரவில்லை. மறுநாள் முதல் முகத்தின் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. யாரிடம் போய் எதைக் கேட்பது?

பதில்: தம்பி, முதலில் நரம்பியல் டாக்டரிடம். முகவாதம் ஊசியில்லாமலும் வரும். ஊசிக்குப் பிறகு வந்தது என்பதும் ஊசியால் வந்தது என்பதும் வேறு வேறு. அதைத் தீர்மானிக்க மருத்துவக் குறிப்பு வேண்டும். ஊசி போட்ட தேதி, மருந்தின் பெயர், தொகுதி எண், அறிகுறி தொடங்கிய நேரம் எல்லாம் அந்தக் குறிப்பில் ஏறும்படி டாக்டரிடம் சொல்லுங்கள். ‘ஊசிக்குப் பின்’ என்ற ஒரு சொல் முதல் நாள் சீட்டில் இல்லாததால் தோற்ற வழக்கு என் அலமாரியில் இருக்கிறது.

முகாமைத் தனியார் மருத்துவமனை நடத்தியிருந்தால், உங்கள் பதிவைக் கேட்டு எழுதுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது டாக்டர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறை. மூன்று வருடம்தான் வைத்திருப்பார்கள், தள்ளிப்போடாதீர்கள். அரசு முகாம் என்றால் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், முப்பது நாளில் பதில் வர வேண்டும். அடுத்து, பாதிப்பைப் பதிவு செய்யுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் மாவட்டத் தடுப்பூசி அலுவலருக்குப் போகும். மருந்துப் பக்கவிளைவுகளைப் பதிவு செய்ய 1800-180-3024 என்ற இலவச எண்ணும் இருக்கிறது, நோயாளியே கூப்பிடலாம். பதிவு செய்தால் உடனே பணம் வராது. ஆனால் ஆறு மாதம் கழித்து நிர்வாகம் ‘அப்படி ஒன்று நடக்கவே இல்லை’ என்று சொல்ல முடியாது.

நிர்வாகத்துக்கு இன்றைக்கே ஒரு கடிதம் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம், தாளில். இந்தத் தேதியில், இந்த இடத்தில், இன்னார் சொல்லி ஊசி போட்டுக்கொண்டேன், மறுநாள் இப்படி ஆனது என்று நான்கு வரி போதும். விரைவுத் தபால் ரசீதை நகலின் பின்பக்கம் ஒட்டுங்கள். மை மங்கிப்போகும், அதனால் ரசீதையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். அனுப்பும் முன் எனக்கு ஒரு நகல் அனுப்பினால் படித்துப் பார்க்கிறேன்.